போர்மேனுக்கு ஒரு நாள் லீவு

புளியோதரை கட்டும்போது சோறு நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு கட்டினால் மத்தியானத்துக்குள் வேர்த்து நசநசவென்று ஆகிவிடும். என் மனைவி ஆர்த்திக்கு இது தெரியாததல்ல. அன்றைக்கு அவளுக்கு ஆறவைக்க நான் நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அன்று நடந்ததற்கெல்லாம் என்னைக் குறை சொல்ல நினைப்பவர்கள் இந்தப் புளியோதரையையும் சேர்த்துக்கொள்ளலாம், நான் மறுக்கப் போவதில்லை.

என் பெயர் ராஜபாண்டியன். வீடு சிவகாசியில், பட்டாசு ஆலை ஏழாயிரம்பண்ணைப் பக்கம். ஆலை அப்பா கட்டியது. அதில் என் பங்கு, அவருக்கு மகனாகப் பிறந்ததும் அவர் போன பிறகு படத்துக்கு மாலை வாங்கிப் போட்டதும்தான். நாற்பது வயதைத் தாண்டி, முன்வழுக்கையும் விழுந்து, அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகும் ஆலையில் எனக்குப் பெயர் ‘சின்ன மொதலாளி’தான். பெரிய முதலாளி என்று இன்னொருவர் இல்லாதபோது சின்ன முதலாளி எப்படி வரும் என்று ஒரு நாள் கேட்கலாமா என்று இருந்தது. கேட்டால் இன்னும் சின்னவனாகிவிடுவேன் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெடி என்றால் பயம். தீபாவளிக்கு எங்கள் வாசலில் கொளுத்துவது ஆர்த்திதான். நான் கதவுக்குப் பின்னால் நின்று, சத்தத்தை வைத்து அது நம்ம சரக்கா அடுத்தவர் சரக்கா என்று சொல்லிக்கொண்டிருப்பேன். என் மகள் பிரீத்திகா இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

இப்படிப்பட்டவன் ஊர் சுற்றுவதில் எப்படி இருப்பேன் என்று நீங்களே ஊகிக்கலாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஆர்த்தியை நான் கூட்டிப்போன இடமெல்லாம் கோயிலும் கல்யாண மண்டபமும்தான். அவள் மதுரைக்காரி. சிவகாசி மாநகராட்சி ஆனபோது, இனிமேல் நாமும் மாநகரத்துக்காரர்கள், லீவு விட்டால் சோறு கட்டிக்கொண்டு வெளியூர் போய்த்தான் காற்று வாங்க வேண்டும், அதுதான் மரியாதை என்றாள். நான் மொட்டை மாடியைக் காட்டினேன்.

அதனால் அன்று காலையில் நான் பல் விளக்கிவிட்டு வந்து, “சீக்கிரம் கிளம்புங்க, பிளவக்கல் அணைக்குப் போவோம், சோறு கட்டிக்கோ” என்றபோது, ஆர்த்தி முதலில் செய்த காரியம் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்ததுதான். லீவு நாள்கூட இல்லை. பிரீத்திகா சீருடையில் நின்றுகொண்டிருந்தாள். வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிடலாம் என்றேன். பொய் சொல்லக் கூடாது என்று போன வாரம்தான் அந்தப் பிள்ளையை ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் புத்தி சொல்லியிருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சீருடையைக் கழற்ற ஓடிவிட்டாள்.

போர்மேன் கோட்டைச்சாமியையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று அடுத்துச் சொன்னேன். எதற்கு என்று ஆர்த்தி கேட்டாள். அப்பா காலத்திலிருந்து நமக்கு உழைக்கிற மனிதர், ஒரு நாளாவது நம் காரில் ஏற்றி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறோமா என்றேன். அவள் தாளிக்கிற கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மனதில் என்ன வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன் என்று தெரிந்திருந்தும் பிடித்திருந்தது.

பட்டாசு ஆலையில் போர்மேன் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். முதலாளி வராவிட்டாலும் ஆலையில் வேலை நடக்கும், வந்த நாளைவிட நன்றாகவே நடக்கும். போர்மேன் இல்லாமல் நடக்கக் கூடாது. சட்டமும் அதுதான், எங்கள் ஆலையின் பழக்கமும் அதுதான். மருந்து கலக்கிற அறையில் அவர் வாயிலிருந்து ஒரு ‘ம்’ வராமல் யாரும் கை வைக்கமாட்டார்கள். முதலாளி சொன்னார் என்று எவனாவது கிளம்பினால், “போர்மேன் சொன்னாகளா?” என்று அடுத்த கேள்வி வரும். அப்பா இதைப் பெருமையாகச் சொல்வார். அவர் பெரிய முதலாளி, அவருக்கு அது கட்டுப்படியாகும்.

ஒரு நாள் நான் இரும்பு பக்கிள் வைத்த பெல்ட்டோடு அந்த அறைக்குள் காலை வைத்துவிட்டேன். புது பெல்ட். கோட்டைச்சாமி அவ்வளவு பேர் முன்னால், குரலைக்கூட உயர்த்தாமல், “மொதலாளி, அதைக் கழத்தி அங்கன வச்சுட்டு வாங்க” என்றார். நியாயம்தான். உரசினால் பொறி வரும். ஆனால் வயிறு இருக்கிறவனுக்கு பெல்ட் இல்லாமல் பேன்ட் நிற்காது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆலையைச் சுற்றிப் பார்த்தேன். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின. நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

கோட்டைச்சாமிக்கு வீடு திருத்தங்கலில். நாங்கள் போனபோது அவர் பைக்கை வெளியே எடுத்து, தூக்குவாளியை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கிளம்பியிருப்பார். புளியோதரை ஆறாததற்குக் காரணம் இப்போது விளங்கியிருக்கும். காரைப் பார்த்ததும் பதறிப்போய் வந்தார். ஆலையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைத்தாராம். பிக்னிக் போகிறோம், உங்களுக்கு இன்றைக்கு லீவு என்றதும் திரும்பிப் போய் பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்கு வேண்டாம் மொதலாளி. நேத்து மருந்து அறையில கெடக்கு. அதைக் கொட்டாம நான் எங்கன வர?”

அதைப் பற்றி இருளாண்டியிடம் காலையிலேயே பேசிவிட்டேன் என்றேன். பேசியிருந்தேன் என்பது உண்மை. இருளாண்டிதான் எங்கள் ஆலையில் மருந்து கலக்கிறவர், விடியலிலேயே வேலைக்கு வந்துவிடுவார். கொட்டியாச்சா என்று கோட்டைச்சாமி கேட்டார். ஆச்சு என்றேன்.

அப்போதும் அவர் பைக்கைவிட்டு நகரவில்லை. அவரை நகர்த்தியது அவர் மனைவி பாண்டிமீனாதான். வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், ஆர்த்தி காருக்குள்ளிருந்து வாங்க அக்கா என்று கூப்பிட்டதும், “வாக்கப்பட்டு வந்ததுல இருந்து அந்த அணையக் கண்ணால பார்த்ததில்ல. மொதலாளி வீட்டுலயே கூப்பிடுதாக, நீங்க பைக்கக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கீகளே” என்று சொல்லிவிட்டுச் சேலை மாற்ற உள்ளே போய்விட்டாள். அவர் தூக்குவாளியைக் கழற்றி வாசலில் வைத்தார். எனக்காக வரவில்லை, அவளுக்காகத்தான் வந்தார்.

காரில் நான் ஒரு விதி போட்டேன். பிக்னிக் என்றால் செல்போன் கூடாது, எல்லாவற்றையும் பையில் போட்டு டிக்கியில் வைத்துவிட வேண்டும். ஆர்த்தி கைதட்டினாள். எனக்குள் இப்படி ஒரு மனிதன் இருந்ததே தெரியாமல் போயிற்றே என்றாள். பிரீத்திகா பையை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வசூல் செய்தாள். கோட்டைச்சாமி கடைசியாகத்தான் போட்டார். பழைய பட்டன் போன். பையின் வாயைக் கட்டியதும் நான்தான், அதன் மேல் தண்ணீர் கேனைத் தூக்கி வைத்ததும் நான்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்திப் பால்கோவா வாங்கினோம். கிருஷ்ணன்கோவிலில் திரும்பி வத்திராயிருப்புப் பாதையில் போகும்போது மலை கிட்டத்தில் வந்தது. முதல் நாள் மழையில் எல்லாம் கழுவிவிட்டதுபோல் பச்சையாக இருந்தது. பாண்டிமீனா கண்ணாடியை இறக்கச் சொல்லி, கையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். முன்சீட்டில் என் பக்கத்தில் கோட்டைச்சாமி. முதலாளி வண்டி ஓட்ட, போர்மேன் உட்கார்ந்து வருகிறார். எதிரே வந்த வண்டியில் தெரிந்தவர் யாராவது பார்த்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். பின்னால் சாட்சிக்கு உதவும் என்று நினைத்ததாகச் சொல்லாதீர்கள். அந்த அளவுக்கு எனக்கு மூளை கிடையாது.

அணையில் மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்தோம். தண்ணீர் நிறையவே இருந்தது. ஆர்த்தி புளியோதரையை எடுத்து வைத்தாள். நான் சொன்னபடியே வேர்த்திருந்தது. உருளைக்கிழங்கு வறுவலும் வடகமும் அதைக் காப்பாற்றின. கோட்டைச்சாமி இலையில் கை வைக்குமுன் என் பக்கம் திரும்பி, “கொட்டுன இடத்துல தண்ணி விட்டானான்னு கேட்டீகளா?” என்றார். விட்டாராம் என்றேன். எங்கே கொட்டினார் என்றார். பின்னால் குழியில் என்றேன். அப்புறம்தான் சாப்பிட்டார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த மனிதர் அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆலையில் அவர் ஒரு கண்ணைக் கதவில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்.

இனி, கொட்ட வேண்டிய அந்த மருந்தைப் பற்றிச் சொல்கிறேன்.

வானத்தில் போய் நிறம் நிறமாகப் பூக்கிற பேன்சி வெடி இருக்கிறதே, அதற்குள் வைக்கிற உருண்டைகளுக்கு மணி மருந்து என்று பெயர். முதல் நாள் அதற்குக் கலந்து வைத்து, பாதி உருட்டிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கலந்த மருந்து பாதி அறையிலேயே நின்றுவிட்டது. அன்று கலந்ததை அன்றே முடிக்க வேண்டும், மிஞ்சினால் குழியில் கொட்டி நிறையத் தண்ணீர் விட்டு அழிக்க வேண்டும். இது பட்டாசு ஆலையில் கால் வைத்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மழைக்கு நடுவே கொட்டப் போனால் வழியெல்லாம் சிந்தும், காலையில் வந்து முதல் வேலையாக என் கையால் கொட்டுகிறேன் என்று கோட்டைச்சாமி அறையைச் சாத்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சரி என்றேன். சரி என்று சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஆனால் மறுநாள் சாயங்காலம் வடக்கே போகிற லாரி வந்து நிற்கும். தீபாவளி சீசன். அந்த ஆர்டரில் பேன்சி வெடிதான் குறைந்தது. மருந்தைக் கொட்டிவிட்டு, அறை காய்ந்து, மறுபடி கலந்து உருட்டினால் லாரி காலியிடத்தோடு போகும். வேறு எதுவும் ஆகியிருக்காது. ஒரு லாரி கொஞ்சம் லேசாகப் போயிருக்கும். வாங்குகிறவர் போனில் நாலு வார்த்தை திட்டியிருப்பார். அப்பா இருந்தால் இப்படி ஆகுமா என்று பஜாரில் இரண்டு பேர் பேசியிருப்பார்கள். கடைசியாகச் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது.

முதலாளி நான்தானே, அந்த மருந்தையே உருட்டி வேலையை ஓட்டு என்று கோட்டைச்சாமியிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அவர் முடியாது என்பார். எல்லோர் முன்னாலும், குரலை உயர்த்தாமல் சொல்வார். நான் மறுபடியும் சரி என்பேன். என்னை எனக்கு நன்றாகத் தெரியும்.

இராத்திரி முழுக்க மழை ஈரக் காற்றில் கிடந்த மருந்து என்ன செய்யும் என்றும் எனக்குத் தெரியும். அதில் அலுமினியப் பவுடர் இருக்கிறது. கொஞ்சம் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள்ளேயே மெல்லச் சூடேறும், வெளியே ஒன்றும் தெரியாது. கை பட்டுக் கிளறினால் எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கும். என் வக்கீல் கோர்ட்டில், என் கட்சிக்காரருக்கு மருந்தைப் பற்றி அ, ஆ கூடத் தெரியாது, அப்பா சொத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற அப்பாவி என்று வாதாடினார். கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. நான் கெமிஸ்ட்ரி படித்தவன், அதுவும் முதல் வகுப்பு. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

எல்லாத் தடவையும் வெடிப்பதில்லை. அதைத்தான் என் பக்கத்து நியாயமாக இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிக்னிக் யோசனை திடீரென்று வந்தது என்று நான் போலீசிடம் சொன்னேன். அது பொய்யில்லை, பல் விளக்கும்போது திடீரென்றுதான் வந்தது. ஆர்த்தியிடம் சொல்வதற்கு முன்னால் இருளாண்டிக்குப் போன் செய்தேன். போர்மேன் இன்று வரமாட்டார், நேற்று மருந்தையே முதலில் ஓட்டிவிடுங்கள் என்றேன்.

“போர்மேன் அண்ணன் சொல்லிட்டாகளா மொதலாளி?”

“அவுகதான் சொல்லச் சொன்னாக.”

“அப்பச் சரி.”

அந்த ‘அப்பச் சரி’ இன்னும் என் காதில் இருக்கிறது. நான் சொன்னபோது சரியில்லாமல் இருந்தது, அவர் சொன்னதாகச் சொன்னதும் சரியாகிவிட்டது. என் ஆலையில் என் மரியாதை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு போன் போதும். போனை வைத்துவிட்டு வாய் கொப்பளித்தேன். பிறகு போய் ஆர்த்தியிடம் சோறு கட்டச் சொன்னேன். ஆக, இருளாண்டியிடம் போர்மேன் சம்மதித்துவிட்டார் என்று சொன்னேன். போர்மேனிடம் இருளாண்டி கொட்டிவிட்டார் என்று சொன்னேன். இரண்டு பேரும் என்னை நம்பினார்கள். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் நம்பிச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அணைக்குத் திரும்ப வருகிறேன். புளியோதரை முடிந்து தயிர்சாதத்துக்கு வந்தபோது குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நான் எழுந்து காருக்குப் போனேன். டிக்கியைத் திறந்து கேனைத் தூக்கியதும் பை அசைந்தது. உள்ளே போன்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. என் போனும் பட்டன் போனும். அவிழ்த்துப் பார்த்தேன். திரையில் ஆலை மேனேஜர் பெயர் திரும்பத் திரும்ப இருந்தது. ஒரு மனிதர் அத்தனை தடவை கூப்பிட ஒரே காரணம்தான் இருக்க முடியும்.

பையை மறுபடி கட்டினேன். கேனைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பி, எல்லோருக்கும் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். கோட்டைச்சாமி பிரீத்திகாவுக்கு வடகம் நொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாண்டிமீனா ஊறுகாயை எப்படிப் போட்டீர்கள் என்று ஆர்த்தியிடம் பக்குவம் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நினைத்தேன். இனி நம்மால் ஆகப்போவது ஒன்றுமில்லை, பாதியில் எழுப்புவானேன். நானும் என் பங்கு தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு கோட்டைச்சாமி துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தார். அவர் எழுந்த பிறகுதான், லாரி விஷயம் என்னவாயிற்று பார்ப்போம் என்று சொல்லிப் போய் போனை எடுத்தேன். அதிர்ந்தது போல முகத்தை வைத்துக்கொள்வது சிரமமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை.

ஆலையில் வெடித்துவிட்டது என்றதும் கோட்டைச்சாமி செருப்புக்கூடப் போடாமல் காருக்கு ஓடினார். வழியில் ஒரே ஒரு முறை, “எந்த அறை?” என்று கேட்டார். சொன்னேன். பிறகு மலை, வயல், கடை, எல்லாவற்றையும் அவர் பார்க்காமலே தாண்டி வந்தோம்.

இருளாண்டியும், உருட்டிக்கொண்டிருந்த பஞ்சம்மாளும் அங்கேயே போய்விட்டார்கள். பஞ்சம்மாள் பேரன் காதுகுத்துக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று லீவு கேட்டிருந்தாள், சீசன் முடியட்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த மாரிச்செல்வியை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த பெண். மதுரை ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தாள். மாஜிஸ்திரேட் வந்து அவளிடம் மரண வாக்குமூலம் வாங்கினார். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, “போர்மேன் சொன்னாகன்னு இருளாண்டி அண்ணன் சொன்னாக. அதான் கை வச்சோம்” என்றாளாம். நடந்தது நடந்தபடி, ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதற்கு மறுநாள் அவளும் போய்விட்டாள்.

சாகப் போகிறவள் சொன்ன சொல்லைச் சட்டம் கீழே போடாது. கோட்டைச்சாமியைக் கைது செய்தார்கள். அழிக்க வேண்டிய மருந்தை ஓட்டச் சொல்லிவிட்டு, வேலை நாளில் முதலாளியோடு ஊர் சுற்றப் போனார் என்று வழக்கு. என் மேலும் வழக்கு உண்டு. நான் முன்ஜாமீன் வாங்கி வீட்டில் இருக்கிறேன். கொட்டியாச்சு என்று முதலாளிதான் சொன்னார் என்று கோட்டைச்சாமி போலீசிடம் சொல்லியிருக்கிறார். ஆமாம், இருளாண்டி என்னிடம் அப்படிச் சொன்னார், நான் நம்பினேன் என்றேன். இருளாண்டிக்குக் காலையில் போன் செய்தது ஏன் என்றார்கள். போர்மேனுக்கு லீவு என்று சொல்லத்தான் என்றேன். மனிதர் முட்டாள்தான், ஆனால் நல்லவர் என்று அந்த இன்ஸ்பெக்டருக்கு என் மேல் ஓர் அபிப்பிராயம் விழுந்துவிட்டது. பாதி அபிப்பிராயம் தவறு. எந்தப் பாதி என்று நான் சொல்லவில்லை.

பாண்டிமீனா ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் மாடிக்குப் போய்விட்டேன். ஆர்த்தி கூப்பிட்டு இறங்கி வரச் செய்தாள். பாண்டிமீனா கையெடுத்துக் கும்பிட்டாள். “நீங்க அன்னைக்கு வந்து கூப்பிடலேன்னா என் தாலி அன்னைக்கே போயிருக்கும் மொதலாளி. உள்ள இருந்தாலும் உசுரோட இருக்காரு, அது போதும்” என்றாள். ஆர்த்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான், அதெல்லாம் நம் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லி மேலே பார்த்தேன். அவர் அன்று ஆலையில் இருந்திருந்தால் மருந்தைக் கொட்டியிருப்பார், ஒருவரும் செத்திருக்கமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னதிலும் ஓர் உண்மை இருப்பதாக அன்றிலிருந்து எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. நல்ல எண்ணம் மனதில் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது.

இதை நான் போலீசிடம் சொல்லவில்லை, வக்கீலிடம் சொல்லவில்லை, ஆர்த்தியிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரும் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லப் போவதில்லை. இருளாண்டியையும் பஞ்சம்மாளையும் மாரிச்செல்வியையும் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். வெடிக்காமலும் போகலாம் என்று நினைத்துத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்வது உண்டு. வெடிக்கலாம் என்று தெரியாமலா அவ்வளவு தூரம் தள்ளி அணைக்குப் போய் உட்கார்ந்தேன்.

போன வாரம் ஜெயிலுக்குப் போய்க் கோட்டைச்சாமியைப் பார்த்தேன். போகாவிட்டால் நன்றாக இருக்காது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார், சட்டை தொளதொளவென்று தொங்கியது. என்னைத் திட்டுவார், அல்லது அந்தக் காலைப் போனில் என்னதான் சொன்னீர்கள் என்று கேட்பார் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

“மாரிச்செல்வி பொய் சொல்லாது மொதலாளி” என்றார். “சாகப் போற பிள்ளை எதுக்குப் பொய் சொல்லும்? இருளாண்டியும் நான் சொல்லாம அதுல கை வைக்கிற ஆளில்ல. படுத்தாலும் எந்திரிச்சாலும் இதே யோசனைதான். மழை வந்த அவசரத்துல, அறையச் சாத்தும்போது, அவன்கிட்ட நான் எதையாவது வாய் தவறிச் சொல்லிட்டனோ? நெனவுக்கே வரமாட்டேங்குது. நீங்க அங்கனதான நின்னீக. நான் சொன்னேனா?”

அவர் வலையில் விரல்களை மாட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். சொன்னீர்கள் என்றால் அது அப்பட்டமான பொய். எனக்கு முகத்துக்கு நேரே அப்படிப் பொய் சொல்ல வராது. சொல்லவில்லை என்றால், அடுத்த கேள்வி என்னிடம் வரும். நான் கொஞ்சம் யோசித்தேன்.

“நீங்க வேணும்னேவா சொல்லியிருப்பீக?” என்றேன். “மழை, சத்தம், அவசரம். யாரா இருந்தாலும் வாய் தவறத்தான் செய்யும்.”

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். “அப்ப நான்தான்” என்றார். பிறகு அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததேயில்லை, அப்பா செத்தபோதுகூட அழவில்லை. பஞ்சம்மாள் பெயரைச் சொன்னார், மற்ற இரண்டு பெயரையும் சொன்னார். நான் வலை வழியாக அவர் விரலைத் தொட்டு, மனதைத் தளரவிடாதீர்கள், நாங்கள் இருக்கிறோம் என்றேன். காவலர் வந்து நேரமாகிவிட்டது என்றதும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி வக்கீலெல்லாம் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன், இப்போதுதான் மனசு அமைதியாக இருக்கிறது என்று சொல்லி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு மனிதனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதவன் என்று ஆர்த்தி இனி என்னைச் சொல்ல முடியாது.